ஜன்னலோரச் செங்காந்தள்

மனைவி போன பிறகு, மகனின் வேளச்சேரி ஃப்ளாட்டில் அவருக்கென்று மிச்சமிருந்த வேலை ஒன்றுதான். ஹாலில் இருக்கும் செங்காந்தள் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது. மூலனூர்ப் பக்கம், பிறந்த வீட்டு வேலியிலிருந்து அந்த அம்மா தோண்டிக்கொண்டு வந்த கிழங்கு அது.

இலை நுனியையே சுருட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறிவிடும். ஐப்பசியில் பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, செக்கச்செவேலென்று முடியும் பூ. தொட்டி மட்டும் பேத்திக்கு எட்டாத உயரத்தில். கிழங்கு முதல் விதை வரை அத்தனையும் விஷமாயிற்றே!

மார்கழியில் கொடி மஞ்சளடித்துக் காய்ந்தது. பதறிப்போய் காலையும் மாலையும் ஊற்றினார். தை பிறந்ததும் மண்ணில் அழுகல் வாடை. தோண்டிப் பார்த்தார். கலப்பை மாதிரி இரண்டு கை உள்ள கிழங்கில் ஒரு கை கூழாகியிருந்தது.

கொழுந்தியாளுக்குப் போன் போட்டார்.

"மாமா, பூத்து முடிச்சா கொடி காயத்தானுங்க செய்யும். அது சாகலீங்க, தூங்குது. தண்ணி ஊத்தாதீங்க. அக்கா மாசிலயும் பங்குனிலயும் அந்தப் பக்கமே போகாதுங்களே?"

முப்பது வருஷம் கூட இருந்தும் அதை அவர் கவனித்ததில்லை.

அழுகியதை வெட்டியெறிந்து, மற்றதை நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலில் போட்டுப் பரணில் வைத்தார். நல்லவேளை, ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு முளை உண்டு.

ஆனியில் நட்டார். ஆடியில் ஒரு காலை, மண் லேசாக வெடித்திருந்தது. சொம்பு நிறையத் தண்ணீரோடு போனவர், ஒரு கை மட்டும் தெளித்துவிட்டுத் திரும்பினார்.