கீசர் சொட்டுதா? எங்கேர்ந்து சொட்டுதுன்னு பாருங்க

இந்த வாரம் மல்லாட்டைக் களை பத்தி எழுதுறதா சொல்லியிருந்தேன். அதை அடுத்த வாரம் வச்சுக்குவோம். வீட்டு விஷயம் ஒண்ணு அவசரமா சொல்ல வேண்டியிருக்குது. பனிக்காலத்துல கீசர் போடாத வீடு இப்ப கிராமத்துலயும் குறைஞ்சு போச்சு. அது ஒழுக ஆரம்பிச்சா என்ன பண்றதுன்னு நிறையப் பேருக்குத் தெரியல.

முன்னெல்லாம் விருத்தாசலம் சுத்துவட்டாரத்துல வென்னீர்னா முந்திரி மிளாறுதான். தோட்டத்துல மூணு கல்லு, மேல ஒரு அண்டா. அண்டா ஓட்டையானா அடுப்பு அணையும், அவ்வளவுதான். கீசர் அப்படி இல்லை. மூடின தொட்டிக்குள்ள தண்ணி, கரண்ட், அழுத்தம் மூணும் சேர்ந்து இருக்குது. அதனால அது சொட்டுச்சுன்னா கீழ பக்கெட்டை வச்சுட்டுப் போயிடக் கூடாது.

எங்க வீட்டுல இருக்கறது 25 லிட்டர், 2000 வாட். பையன் முதல் சம்பளத்துல பாட்டிக்காக வாங்கி மாட்டினது, ஏழு வருஷம் ஆச்சு. பொங்கலுக்கு முந்தி சுவர்ல ஈரம் தெரிஞ்சுது. அப்புறம் கீழே சொட்டு. அன்னிக்குக் காலையில எங்க அம்மா குளிச்சுட்டு வந்து, "டேய், குழாயைத் தொட்டா சுருக்குங்குதுடா" ன்னாங்க. அம்மாவுக்கு எண்பது தாண்டியாச்சு. "அத்தைக்குக் கை மரத்துப் போறதுதாங்க, அதா இருக்கும்" ன்னு எங்க வீட்டம்மா சொன்னாங்க.

எனக்கு அது சரியாப் படல. தண்ணி சொட்டுறதும் குழாய் சுருக்குங்கறதும் ஒரே நேரத்துல வந்தா, வயசு மேல பழி போடக் கூடாது. உடனே எம்.சி.பி.யை இறக்கிட்டு, பிளக்கையும் பிடுங்கிட்டேன். சுவிட்சை அணைச்சா மட்டும் போதாதுங்க. சில வீட்டுல ஒயரை மாத்திக் கொடுத்திருப்பாங்க. சுவிட்ச் அணைஞ்ச பிறகும் உள்ளே கரண்ட் நிக்கும்.

அப்புறம் ஆற விட்டு, துணியால முழுக்கத் துடைச்சு, கீழ பழைய பேப்பரை விரிச்சு வச்சுப் பார்த்தேன். ஈரம் எந்த இடத்துல முதல்ல வருதுன்னு பார்க்கணும். கீசர்ல ஒழுகற இடம் பெரும்பாலும் மூணுதான்.

முதலாவது, தண்ணி உள்ள போற, வெளிய வர்ற குழாய் இணைப்பு. இது சில்லறை வேலை. வாஷர் மாத்தி, டெஃப்லான் டேப் சுத்தினா நின்னுடும்.

ரெண்டாவது, குளிர்தண்ணி வர்ற பக்கம் இருக்கற சேஃப்டி வால்வு. இங்கதான் நிறையப் பேரு ஏமாந்து போறாங்க. தண்ணி சூடானா விரியும். 25 லிட்டர் தண்ணி 60 டிகிரிக்குப் போனா, கிட்டத்தட்ட ஒரு டம்ளரு, ஒன்றரை டம்ளரு அளவுக்குக் கூடும். வந்த வழியே திரும்பிப் போகாம இருக்க வால்வு தடுக்குது. கூடின தண்ணி எங்க போகும்? அழுத்தம் ஏறும்போது அந்த வால்வு வழியா சொட்டும். ஆக, சூடாகும்போது மட்டும் ரெண்டு சொட்டு விழுந்து, ஆறினதும் நின்னா வால்வு தன் வேலையைச் செய்யுதுன்னு அர்த்தம். ஆறின பிறகும் நிக்காம ஒழுகினாத்தான் கோளாறு. உள்ள உப்புக் கல்லு மாட்டியிருக்கும், இல்லேன்னா ஸ்பிரிங் போயிருக்கும்.

மூணாவது, அடி மூடிக்குள்ளேர்ந்து வர்றது. எலிமெண்ட் மாட்டியிருக்கற இடத்து ரப்பர் கேஸ்கெட் போயிருக்கலாம், இல்ல தொட்டியே அரிச்சிருக்கலாம். இந்த இடத்துலதான் ஒயர் முனைகளும் இருக்குது. இங்க ஒழுகினா ஒரு நாள் கூட ஓட்டக் கூடாது.

எங்க வீட்டுல பேப்பர் நனைஞ்சது அடி மூடிக்கு நேரே. துருக் கலர்ல கறை. வால்வுலயும் ஆறின பிறகு சொட்டு நிக்கல.

பக்கத்து வீட்டு மச்சான் ஒரு யோசனை சொன்னாரு. "அந்த வால்வுல ஒரு டம்மியைப் போட்டு அடைச்சிடு மாமா. எங்க வீட்டுல அப்படித்தான் இருக்கு. ரெண்டு வருஷமா ஒரு சொட்டு கிடையாது." இதுக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுறேன். அந்தக் காரியத்தை யாரும் பண்ணாதீங்க.

தெர்மோஸ்டாட்டுன்னு ஒண்ணு சரியான சூட்டுல கரண்டை நிறுத்துது. அது ஒட்டிக்கிட்டா தண்ணி சூடாகிக்கிட்டே போகும். மூடின பாத்திரத்துல அழுத்தம் ஏற ஏற, 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணி கொதிக்காம நிக்கும். பிரஷர் குக்கர்ல நடக்கறதும் அதுதான். குக்கருக்கு வெயிட்டும் சேஃப்டி வால்வும் இருக்குது. கீசருக்கு அந்த வால்வு. அதை அடைச்சு வச்சு தொட்டி எங்கயாவது கிழிஞ்சா, உள்ள இருக்கற தண்ணியில ஒரு பங்கு ஒரே நொடியில ஆவியாகும். தண்ணி ஆவியானா 1600 மடங்குக்கு மேல இடம் கேட்கும். குளியலறை சுவரு தாங்குமா? மச்சானுக்கு இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு. சாயந்தரம் அவரு வீட்டு டம்மியைக் கழட்ட மெக்கானிக் நம்பரைக் கேட்டு வந்தாரு.

மெக்கானிக் தம்பி வந்து அடியைக் கழட்டினப்ப ரெண்டு கை நிறைய சுண்ணாம்புச் சில்லு கொட்டுச்சு. எங்களுது போர் தண்ணி. அதுல கரைஞ்சிருக்கற சுண்ணாம்புச் சத்து சூடு பட்டதும் பிரிஞ்சு படிஞ்சுடும். எலிமெண்ட் மேல ஒரு பட்டை கட்டியிருந்துது. அதைத் தட்டிப் பார்த்தா செம்புக் குழாயில மயிரிழை வெடிப்பு. பட்டை கட்டினா சூடு தண்ணிக்குப் போக முடியாம எலிமெண்ட்டையே பொசுக்கும்னு தம்பி விளக்கினாரு.

அடுத்து ஒரு கம்பியைக் காட்டி, "அண்ணே, இது விரல் தடி இருந்திருக்கணும்" ன்னாரு. மெக்னீசியம் கம்பி, ஆனோடுன்னு சொல்றாங்க. உள்ளே நூல் மாதிரி இரும்புதான் மிச்சம். மெக்னீசியம் இரும்பை விட சீக்கிரம் அரிச்சுப் போற உலோகம். அரிமானத்தைத் தான் வாங்கிக்கிட்டு தொட்டியைக் காப்பாத்துது. நாம மல்லாட்டைக் கொல்லையைச் சுத்தி ஆமணக்கு போடறோமே, புரொடீனியாப் புழு அதைத் தின்னுட்டு மல்லாட்டையை விடட்டும்னு, அதே கணக்குதான். ஆமணக்கு தீர்ந்தா புழு கொல்லைக்குள்ள வரும். கம்பி தீர்ந்தா அரிப்பு தொட்டிக்கு வரும். உப்புத் தண்ணி உள்ளவங்க ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை கழட்டிப் பார்க்கணும். எங்க தொட்டி நல்லவேளையா இன்னும் அரிக்கல.

இப்ப அம்மா சொன்ன சுருக்குக்கு வர்றேன். எலிமெண்டுக்குள்ள ஒரு சுருள் கம்பி, சுத்தி செம்புக் குழாய், நடுவுல இறுக்கி அடைச்ச மெக்னீசியம் ஆக்சைடு பொடி. அது பீங்கான் ஜாதிதான். சூட்டைக் கடத்தும், கரண்டை விடாது. செராமிக் ஊர்க்காரங்க நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நம்ம விருத்தாசலத்துப் பட்டறைகள்ல பொம்மையும் அகல் விளக்கும் மட்டுமா செய்யறாங்க, பீங்கான் ஃபியூஸ் கட்டையும் செய்யறாங்களே. அந்தப் பொடி மட்டும் ஈரத்தை உறிஞ்சக் கூடாது. குழாய் வெடிச்சு தண்ணி இறங்கினதும் கரண்ட் தண்ணிக்குள்ள கசிய ஆரம்பிச்சுது. குழாய் பிளாஸ்டிக்தானேன்னு நினைக்காதீங்க. உப்புத் தண்ணியே கரண்டைக் கொண்டு வந்து குழாய் வாயில விடும்.

அப்படிக் கசிஞ்சா எர்த் ஒயர் அதை மண்ணுக்குக் கொண்டு போயிடணும். எங்க பிளக் பாயிண்டைக் கழட்டினா, மூணாவது முனையில மாட்டின எர்த் ஒயர் கழண்டு தனியா தொங்கிக்கிட்டு இருக்குது. ஒயரிங் பண்ணினவரு சரியா முடுக்கல. ஏழு வருஷமா அந்த கீசருக்கு எர்த்தே இல்லை. அம்மாவோட கை உணர்ந்ததை வேற எதுவும் எங்களுக்குச் சொல்லல.

"ஃபியூஸ் இருக்கே, போயிடாதா?" ன்னு கேட்கலாம். போகாது. பீங்கான் கட்டையில இருக்கற கம்பியும் எம்.சி.பி.யும் 10, 15 ஆம்பியருக்கு மேல போனாத்தான் துண்டிக்கும். ஒரு ஆம்பியர்ல பத்துல ஒரு பங்கு போதும், ஆளு உயிர் போக. ஃபியூஸ் கட்டை வீடு தீப்பிடிக்காம காப்பாத்தும், ஆளைக் காப்பாத்த அது செஞ்சதே இல்லை. அதுக்கு இருக்கறது ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே கண் சிமிட்டற நேரத்துல வீட்டு லைனையே துண்டிக்கும்.

எலிமெண்ட், கேஸ்கெட், ஆனோடு, வால்வு நாலையும் மாத்தினோம். எர்த் ஒயரை முடுக்கி, எர்த் குழியில தண்ணி ஊத்தி, மெயின்ல ஆர்.சி.சி.பி. மாட்டியாச்சு. மொத்தச் செலவுல பாதி அதுக்குத்தான் போச்சு. ரெண்டு மூட்டை உரத்தைத் தள்ளிப் போட வேண்டியதாச்சு, பரவால்ல. எங்க வீட்டம்மா அன்னிக்குச் சொன்னாங்க: "இனிமே அத்தை எது சொன்னாலும் முதல்ல கேட்டுக்கணுங்க."

நீங்க செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கீசர் பாயிண்டுல எர்த் உயிரோட இருக்கான்னு மின்சார வேலை தெரிஞ்சவரை வச்சுப் பார்த்துடுங்க. ஆர்.சி.சி.பி. இருந்தா மாசம் ஒருமுறை அதுல இருக்கற டெஸ்ட் பட்டனை அழுத்துங்க, விழணும். தண்ணி சூடானதும் கரண்டை அணைச்சுட்டு அப்புறம் குளிங்க. 25 லிட்டருக்கு அரை மணி நேரமே போதும், ஒரு யூனிட் ஆகும். வால்வை எவன் அடைக்கச் சொன்னாலும் அடைக்காதீங்க. வீட்டுல யாராவது குழாய் சுருக்குங்குதுன்னு சொன்னா, முதல்ல எம்.சி.பி.யை இறக்குங்க, அப்புறம் மத்த பேச்சு பேசலாம்.