செய்தியும் செவியும்

இசைக்கலைஞரைப் பற்றிய செய்தி முந்திக்கொண்டு வருகிறது. இசை பின்னால் வருகிறது. சில வேளைகளில் வருவதே இல்லை. 1993இல் லண்டனின் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு இளையராஜா ஒரு சிம்பொனியை ஒலிப்பதிவு செய்தார் என்ற செய்தி எட்டியபோது நாம் பள்ளி மாணவர். அவ்விசை இசைத்தட்டாக வெளிவரவேயில்லை. ஆயினும் அதைப் பற்றிய பெருமிதமும் ஐயமும் நம் தேநீர்க் கடைகளில் பல ஆண்டுகள் மோதிக்கொண்டிருந்தன. கேளாத இசையைக் கொண்டாடுவதிலும் பழிப்பதிலும் நம்மவர்க்கு ஒருநாளும் தயக்கம் இருந்ததில்லை.

2005இல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவின் வாசிப்புடன் ‘திருவாசகம்’ வெளிவந்தபோதும் அதே கதைதான். இது சிம்பொனியா, ஆரட்டோரியோவா? மாணிக்கவாசகருக்கு இடையே ஸ்டீபன் ஷ்வார்ட்ஸின் ஆங்கில வரிகள் எதற்கு? கேள்விகள் முறையானவையே. ஆனால் திருவாசகத்தின் 51 பகுதிகளுள் இந்த 6 மட்டும் ஏன் என்று கேட்டவர் மிகச் சிலர். தமிழ் பயின்ற நமக்கோ அதுவே முதற்கேள்வியாக இருந்தது. நூலில் 45ஆவதாக நிற்கும் யாத்திரைப் பத்திலிருந்து இசைத்தட்டு தொடங்குகிறது. வாழ்த்தில் தொடங்கும் நூலைப் புறப்பாட்டில் தொடங்கிவைக்கிறார் இசையமைப்பாளர். பெண்கள் வாசனைப் பொடி இடிக்கையில் பாடுவதாக அமைந்த திருப்பொற்சுண்ணமும், அரச வண்டை விளித்துப் பாடும் திருக்கோத்தும்பியும் இடம்பெறுகின்றன. உடல் உழைப்பும் விளையாட்டும் கலந்த பாடல்களை அவர் தேடி எடுத்திருக்கிறார். வாசித்து வாசித்துத் தெரிவு செய்தவரின் தெரிவு அது.

நம் தந்தையார் ஓதுவார் மரபில் ஊறியவர். திருவாசகம் என்றால் அவருக்கு மோகன ராகம். குறுந்தகட்டை முழுதும் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்குப்பா. படிக்காதவனும் உக்காந்து கேப்பான். ஆனா நான் நாளைக்கும் மோகனத்துலதான் சொல்லுவேன்” என்றார். நாம் வாதிடவில்லை. அவர் மறுக்கவில்லை, தம் இடத்தைச் சொன்னார், அவ்வளவே.

2011இல் அவர் மறைந்தபோது, வீட்டில் ஓதுவார் ஒருவர் சிவபுராணம் ஓதினார். மோகனத்தில்தான். தன் வினையை நினைந்து, இறைவனைப் புகழ வழியறியேன் என்று பாடுபவர் கைவிரிக்கும் இடம் வந்ததும், நம் காதுக்குள் வேறொரு குரல் எழுந்தது. இளையராஜாவின் குரல், அதன் பின்னே திரண்டு வரும் தந்திக் கருவிகள். முன்னே ஓதுவார், உள்ளே அவர். இரண்டும் ஒன்றையொன்று தடுக்கவில்லை. புல்லாகிப் பூண்டாகிப் பிறந்து பிறந்து இளைத்த உயிரைப் பற்றிய அடிகளை எத்தனையோ முறை வகுப்பில் விளக்கியிருந்தோம். அவை அன்றுதான் நம்மை நோக்கிப் பேசின. ஆங்கில வரிகள் வேண்டுமா என்ற வழக்கு அந்த நாழிகையில் நினைவுக்கே வரவில்லை.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய ‘வேலியண்ட்’ சிம்பொனி அரங்கேறியது. வாசித்தது அதே ராயல் பில்ஹார்மோனிக் குழு. ஆனால் படைப்பு 1993இன் படைப்பன்று, புதிது. மறுநாள் முதலே பேசிகளில் துணுக்குகள் பறந்தன, தீர்ப்புகளும் பறந்தன. “ஐயா, எப்படி இருக்குன்னு சொல்லுங்க” என்று மாணவர் ஒருவர் வந்து நின்றார். துணுக்கைக் கேட்டுச் சொல்ல ஒன்றுமில்லை என்றோம். அவருக்கு ஏமாற்றம்.

அவரிடம் சொல்ல விரும்பியது வேறு. செய்திக்கு மறுமொழி அன்றே சொல்லிவிடலாம். ‘திருவாசகம்’ நம்மை வந்தடைய 6 ஆண்டுகளும் ஒரு மரணமும் ஆயின.