ரூப்குண்டின் பதினான்கு பேர்

உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில், திரிசூல மலையின் அடிவாரச் சரிவுகளில், கடல்மட்டத்திலிருந்து 5,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் ஒரு சிறு குளம் இருக்கிறது. ஏரி என்றே அதை அழைக்கிறார்கள். அளவில் நம் ஊர்க் கோயில் தெப்பக்குளத்தை விடவும் சிறியது. ஆண்டின் பெரும்பகுதி உறைந்து கிடக்கும் அந்த ரூப்குண்டின் கரையில், 1942ஆம் ஆண்டு வனக்காவலர் எச். கே. மத்வால் மனித எலும்புகளைக் கண்டார். ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கணக்கானோருடையவை. சிலவற்றில் தசையும் முடியும் குளிரில் கெடாமல் ஒட்டியிருந்தன.

அது இரண்டாம் உலகப் போரின் நடுப்பகுதி. மலை வழியே ஊடுருவ முயன்று மாண்ட ஜப்பானிய வீரர்களோ என்ற ஐயமே முதலில் எழுந்தது. எலும்புகள் மிகப் பழையவை என்று தெரிந்ததும் அந்த அச்சம் அடங்கியது. அடுத்து 1841இல் திபெத்தின் மீது படையெடுத்த ஜோராவர் சிங்கின் வீரர்கள் என்றார்கள். துக்ளக்கின் படை என்றார்கள். கொள்ளைநோயில் இறந்தவர்களைக் கொண்டுவந்து போட்ட இடம் என்றும் ஒரு கருத்து உலவியது. பெண்களின் எலும்புகளும் கிடைத்தன, ஆயுதங்கள் கிடைக்கவில்லை என்பதால் படை பற்றிய ஊகங்கள் வலுவிழந்தன. பெரிய வணிக வழி எதுவும் அப்பக்கம் செல்லவில்லை. வணிகச் சரக்கும் கிடைக்கவில்லை. ஆகவே வணிகக் கூட்டம் என்பதற்கும் இடமில்லாமல் போயிற்று.

அந்த மலையடிவார ஊர்களில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் எதுவும் இருந்ததில்லை. அவர்கள் பாடலில் விடை இருந்தது. கன்னௌஜ் அரசன் ஜஸ்தவல், கருவுற்றிருந்த தன் அரசியோடும் ஆடல் மகளிரோடும் நந்தா தேவியின் யாத்திரைக்கு வந்தான்; புனித மலையில் ஆட்டமும் பாட்டும் நிகழ்த்தி அதன் தூய்மையைக் கெடுத்தான்; சினந்த தேவி இரும்பு போன்ற ஆலங்கட்டிகளைப் பொழிந்து அனைவரையும் வீழ்த்தினாள் என்பது கதை. யாத்திரைப் பாதையில் உள்ள பாதர் நச்சௌனி என்னும் இடத்தின் பெயரே அந்த ஆடல் மகளிரைக் குறிப்பதுதான். ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் நந்தா தேவி ராஜ ஜாத் யாத்திரை இன்றும் இந்தக் குளத்தைக் கடந்தே மேலே போகிறது. நந்தாவை அம்மக்கள் தங்கள் வீட்டில் பிறந்து மலைக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணாகக் கருதுகிறார்கள். அந்த யாத்திரை, பிறந்த வீட்டிலிருந்து அவளைப் புகுந்த வீட்டுக்கு அழுதுகொண்டே அனுப்பிவைக்கும் சடங்கு. அத்தகைய பயணத்தில் முறை தவறி நடந்தவர்களின் எலும்புகள் இவை என்பது அவர்களுக்கு ஊகமன்று, நினைவு. ரூப்குண்டின் இறந்தவர்களுக்கு இதுவரை பெயர் சூட்டியிருக்கும் ஒரே சான்றும் அந்தப் பாடல்தான்.

2004இல் ஒரு பன்னாட்டுக் குழு மேலே ஏறியது. அது கொண்டுவந்த எலும்புகளில் சிலவற்றை ஆக்ஸ்ஃபோர்டில் கதிரியக்கக் கார்பன் முறையில் கணித்தபோது, கி.பி. 850ஐ ஒட்டிய காலம் கிடைத்தது. சில மண்டையோடுகளில், உருண்டையான கனத்த பொருள் மேலிருந்து விழுந்தாற்போன்ற, ஆறாத காயங்கள் இருந்தன. வாளால் வெட்டிய தடமோ பாறையில் உருண்டு நொறுங்கிய தடமோ அல்ல. ஆலங்கட்டி மழை என்ற முடிவு உருவாயிற்று. அறிவியலும் நாட்டார் பாடலும் இவ்வளவு அழகாகக் கைகோத்த தருணங்கள் குறைவு. ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத உயரத்தில், ஒரே மாலைப்பொழுதில், ஒரு யாத்திரைக் கூட்டம் முழுவதும் அழிந்தது என்ற சித்திரம் ஆவணப்படங்களிலும் பயண நூல்களிலும் நிலைபெற்றது. இன்றும் தமிழில் ரூப்குண்டைப் பற்றி எழுதப்படுபவற்றுள் பல அங்கேயே நின்றுவிடுகின்றன. அழகான முடிவுகளுக்கு இந்த ஆபத்து உண்டு: அவற்றுக்குப் பிறகு யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

எண்ணிப் பார்த்தவர்கள் ஐதராபாத்தில் இருந்தார்கள். செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங்கும் குமாரசாமி தங்கராஜும் இந்த எலும்புகளின் மரபணுவைப் படிக்கும் பணியைத் தொடங்கினர். தாய்வழியாக மட்டுமே இறங்கிவரும் இழைமணி டி.என்.ஏ.வை 72 பேரிடமிருந்து எடுத்துப் பார்த்தபோது பலருடையது இந்தியாவில் இன்றும் காணப்படும் வகை. ஆனால் கணிசமானோருடையது மேற்கு யூரேசிய மக்களிடம் காணப்படும் வகை. பழைய எலும்பில் அயல் மரபணு தெரிந்தால், தொட்டவர்களின் கை அழுக்கு என்று ஐயுறுவதே முதல் வேலை. ஆகவே முழு மரபணுத் தொகுதியைப் பல ஆய்வகங்கள் சேர்ந்து படித்தன. லக்னோவின் பீர்பால் சாகனி நிறுவனத்தைச் சேர்ந்த நீரஜ் ராய், ஹார்வர்டின் டேவிட் ரைக், ஏடின் ஹார்னி உள்ளிட்ட 28 பேர் எழுதிய கட்டுரை 2019இல் வெளிவந்தது.

முழு மரபணுத் தகவல் கிடைத்தது 38 பேருக்கு. அவர்களுள் 23 பேர் தெற்காசிய மரபினர். 14 பேர் கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதி மரபினர். இன்றைய மக்களுள் கிரேக்கப் பெருநிலத்திலும் கிரீட் தீவிலும் வாழ்பவர்களோடு நெருங்கியவர்கள். ஒருவர் மட்டும் தென்கிழக்காசிய மரபினர். காலக்கணிப்பு அதைவிடப் பெரிய அதிர்ச்சியைத் தந்தது. 23 பேரும் கி.பி. 800ஐ ஒட்டி இறந்தவர்கள், அதிலும் ஒரே நிகழ்வில் அல்ல. ஏனைய 15 பேரும் கி.பி. 1800ஐ ஒட்டி இறந்தவர்கள். ஒரே குளத்தின் கரையில், ஓராயிரம் ஆண்டு இடைவெளியில், குறைந்தது இரு வேறு கூட்டங்கள். ஒற்றை ஆலங்கட்டி மழை அத்தோடு கரைந்துபோயிற்று.

எலும்பின் ஐசோடோப்புகளும் இதையே சொல்லின. ஒருவர் இறப்பதற்கு முந்தைய சுமார் பத்து ஆண்டுகளில் உண்டது எலும்பின் வேதியியலில் தங்கிவிடுகிறது. அரிசி, கோதுமை, பார்லி போன்றவை ஒரு தடத்தையும் சிறுதானியங்கள் வேறொரு தடத்தையும் விடுகின்றன. தெற்காசியக் கூட்டத்தினரின் உணவு ஆளுக்கு ஆள் வேறுபட்டது; சிலருடையதில் சிறுதானியம் மிகுதி. மத்தியதரைக் கடல் கூட்டத்தினருடையதில் சிறுதானியத்தின் தடம் ஏறத்தாழ இல்லை. அலெக்சாந்தரோடு வந்த யவனரின் வழித்தோன்றல்களாக அவர்கள் இருக்கலாமே என்று உடனே கேட்கத் தோன்றும். இரண்டாயிரம் ஆண்டுகள் இந்திய மண்ணில் வாழ்ந்த குடி உள்ளூர் மக்களோடு கலவாமல் இருந்திருக்க வேண்டும். அந்தக் கலப்பின் சுவடு இவர்களிடம் இல்லை. ஆணும் பெண்ணுமாக, நெருங்கிய இரத்த உறவு எதுவும் இல்லாத மனிதர்கள், எங்கோ பிறந்து வளர்ந்து இமயத்தின் ஓர் ஒதுக்குப்புறத்தில் வந்து இறந்திருக்கிறார்கள்.

மரபணு ஆய்வு இத்தனையும் சொல்லியது. யார் என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லவும் இயலாது. அடையாளம் காண்பது என்பதற்கு இரு முனைகள் உண்டு; ஒரு முனையில் எலும்பு, மறுமுனையில் தேடிக்கொண்டிருக்கும் ஒருவர்.

இதே இமயத்தில் வேறொரு நிகழ்வு. 1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரிலிருந்து லே நோக்கிச் சென்ற விமானப்படையின் ஏ.என்.-12 விமானம் 102 பேரோடு காணாமற்போனது. அதன் சிதைவுகளை 2003இல் மலையேறும் குழுவினர் ஒரு பனிப்பாறையில் கண்டனர். அதன்பின் மீட்பு முயற்சிகள் தொடர்ந்தன. 2024 செப்டம்பரில், 56 ஆண்டுகளுக்குப் பிறகு, நான்கு உடல்கள் மீட்கப்பட்டன. உடலோடு இருந்த படைத்துறை ஆவணங்கள் பெயரைக் கண்டறிய உதவின. அது இயன்றது ஆவணத்தால் மட்டுமல்ல. அந்த விமானத்தில் ஏறியவர்களின் பட்டியல் இருந்தது. முகவரி இருந்தது. அந்த முகவரியில், இளமையிலேயே சென்றுவிட்ட அண்ணனையோ கணவனையோ நினைத்தபடி முதுமை எய்திய மனிதர்கள் இருந்தார்கள். பனிப்பாறை உருகி உடலைத் திருப்பித் தந்தபோது பெற்றுக்கொள்ளக் கைகள் இருந்தன.

ரூப்குண்டின் 14 பேருக்கு அந்த மறுமுனை எங்கே? 1800ஐ ஒட்டி என்று சொல்வதிலும் ஒரு சிக்கல் உள்ளது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தைய சுமார் 300 ஆண்டுகளுக்குக் கார்பன் கணக்கு துல்லியமாக அமைவதில்லை. ஒரே அளவீட்டுக்குப் பல ஆண்டுகள் பொருந்திவரும். அந்தக் கால எல்லைக்குள் கட்வால் அரசு வீழ்ந்தது. 1804இல் கூர்க்காக்கள் அதைப் பிடித்தார்கள். 1815இல் ஆங்கிலேயர் கூர்க்காக்களை வெளியேற்றினார்கள். கல்கத்தாவில் 18ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வணிகர்களின் குடியிருப்பும் தேவாலயமும் இருந்தன. ஏதென்ஸில் பிறந்த திமித்ரியோஸ் கலனோஸ் என்னும் அறிஞர் 1793 முதல் 1833இல் இறக்கும்வரை காசியில் தங்கி வடமொழி நூல்களைக் கிரேக்கத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தார். ஆகவே அக்காலத்தில் கிரேக்க மொழி பேசியவர்கள் வட இந்தியாவில் நடமாடியதில் வியப்பில்லை. ஆனால் இந்த வணிகர்களையோ அறிஞரையோ ரூப்குண்டோடு இணைக்கும் சான்று எதுவும் இல்லை. ஓர் ஊரின் பெயர் தெரிந்தால் மட்டுமே அந்த ஊரின் தேவாலயப் பதிவேட்டைப் புரட்ட முடியும். மரபணு கடற்கரையைக் காட்டுகிறது, தெருவைக் காட்டுவதில்லை. நாளிதழ்கள் இவர்களைக் ‘கிரேக்கர்கள்’ என்று தலைப்பிட்டதும் அவசரமே. அன்று அந்நிலப்பகுதி முழுவதும் உதுமானியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. இவர்கள் தம்மை என்ன பெயரால் அழைத்துக்கொண்டார்கள், எந்தக் கடவுளை வணங்கினார்கள் என்பதை எலும்பு சொல்லாது.

உலகம் முழுவதும் அந்த 14 பேரைப் பற்றியே பேசிற்று. 23 பேரைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. உள்ளூர்க்காரர்கள் உள்ளூர் மலையில் இறந்தார்கள், அதில் என்ன செய்தி என்ற எண்ணம் போலும். உண்மையில் அவர்கள் ‘உள்ளூர்க்காரர்கள்’ அல்லர். ஒரே குடியிலிருந்தோ ஒரே அரசவையிலிருந்தோ வந்தவர்கள் என்று கொள்ள முடியாத அளவுக்கு அவர்களின் மரபு பல திறப்பட்டது; உணவும் அவ்வாறே. அருகிலுள்ள கோயில்களில் 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான கல்வெட்டுகள் இருப்பதால், அக்காலத்திலேயே இவ்வழியில் யாத்திரை நடந்திருக்க வாய்ப்புண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பல்வேறு மக்கள் பிரிவுகளைச் சேர்ந்தவர்கள், ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன், ஒரே மலையை நோக்கி ஏறியிருக்கிறார்கள். பாடல் சொன்ன அரசனும் அரசியும் அங்கே இருந்தார்களா என்பது வேறு செய்தி. யாத்திரிகர் வந்தனர், பெண்களும் வந்தனர், வானம் சிலரையேனும் அடித்தது என்ற அளவில் பாடலின் வாக்கு இன்னும் கெட்டுவிடவில்லை. தென்கிழக்காசிய மரபுடைய அந்த ஒருவருக்கோ எந்தக் கட்டுரையிலும் ஒரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை.

இவர்களின் கதையைத் தெரிந்துகொள்ள இருந்த இன்னொரு வழியும் அடைபட்டுவிட்டது. எந்த எலும்பு எதன் அருகில், எந்த ஆழத்தில், எந்தத் திசை நோக்கிக் கிடந்தது என்பதே தொல்லியலாளரின் முதல் சான்று. 14 பேரும் ஒன்றாகக் கிடந்தார்களா, தென்கிழக்காசியர் அவர்களோடு இருந்தாரா, காயம்பட்ட தலைகள் எந்தக் கூட்டத்துக்கு உரியவை, யாருடைய காலில் அந்தத் தோல் செருப்பு இருந்தது ஆகிய கேள்விகளுக்கெல்லாம் இடம் பதில் சொல்லியிருக்கும். பாறைச் சரிவுகள் பாதியைக் கலைத்தன. மனிதர்கள் மீதியைக் கலைத்தார்கள். கண்டெடுக்கப்பட்ட நாள் முதல் மேலே ஏறியவர்கள் எலும்புகளைப் புரட்டினார்கள், பொருள்களை எடுத்துச் சென்றார்கள், மண்டையோடுகளைப் பாறைமேல் அடுக்கிவைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். மண்டையோடு ஓரிடத்திலும் தொடையெலும்பு வேறிடத்திலும் போன பிறகு, எத்தனை நுட்பமான ஆய்வகமும் அவை இருந்த இடத்தை மீட்டுத் தராது. படம் எடுத்தவர்களுள் பெரும்பாலோர் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். யாருடையது என்று தெரியாத எலும்பு யாருக்கும் சொந்தமில்லாதது என்று நினைத்திருப்பார்கள், அவ்வளவுதான். வாண் கிராமத்துப் பாட்டி ஒருத்தியிடம் கேட்டிருந்தால் அவள் அப்படிச் சொல்லியிருக்கமாட்டாள்.

2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம், மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதற்குத் தடை விதித்தது. புல்வெளிகளைக் காக்கவே அந்த ஆணை. எலும்புகள் அதன் நோக்கமல்ல. ஆயினும் கூடாரமடித்துத் தங்காமல் ரூப்குண்டை அடைவது கடினம் என்பதால் மலையேற்றக் கூட்டம் நின்றது. கரையில் கண்ணுக்குத் தெரிபவை பல முறை புரட்டப்பட்டவை. குளத்தின் அடிப்பனியிலும் பாறைக் குவியலுக்குள்ளும் கைபடாமல் எஞ்சியவை இருக்கக்கூடும். கிடக்கும் இடத்தையும் நிலையையும் அங்குலம் அங்குலமாக வரைந்து பதிவு செய்யும் அகழாய்வு ஒன்று அங்கே நடந்ததில்லை. பனி விலகும் காலம் ஆண்டுக்குச் சில வாரங்கள், மூச்சுக் காற்று குறைவான உயரம், பெரும் பொருட்செலவு. நூற்றுக்கணக்கானோருள் மரபணு முழுமையாகப் படிக்கப்பட்டவர்கள் இன்றைக்கும் 38 பேர்தான்.