விளக்கு எரியாத ஒழுக்கு

பெற்றோல் சொட்டாக ஒழுகினால் நிலத்து ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். ஆவியாக ஒழுகினால்?

எங்கள் வரிப்பத்தான்சேனை வெயிலில் ஒரு கார் கொஞ்ச நேரம் நின்றாலே டாங்கிக்குள் ஆவி பெருகிவிடும். அதை வெளியே விடாமல் பிடித்துவைக்க ஒரு கரிப்பெட்டி இருக்கிறது, கெனிஸ்டர் என்பார்கள். உள்ளே இருக்கும் கரி ஆவியை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறக்க, அந்த ஆவி எஞ்சினுக்குள் போய் எரிந்துவிடும். மூடியின் றப்பர், ஹோஸ், வால்வு எல்லாம் இறுக்கமாக இருக்கும் வரைக்கும்தான் இந்தக் கணக்கு.

எங்களில் ஒருவரின் மாமா ஹயர் ஓடுகிற பழைய ஜப்பான் காரில், பகலில் பின்பக்கம் பெற்றோல் மணந்தது. கீழே ஒரு சொட்டும் இல்லை. டேஷ்போர்டில் விளக்கும் எரியவில்லை. புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இருக்கிறது. "அப்ப வண்டி நல்லாத்தானே இருக்கு" என்றார் மாமா.

இங்கேதான் விஷயம். நம் நாட்டில் 2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனை, சைலன்சர் வழியாக வருவதைத்தான் அளக்கும். டாங்கிப் பக்கம் எட்டிப் பார்க்காது. அமெரிக்காவில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து, கார் தன் ஆவி ஒழுக்கைத் தானே சோதிக்கும் முறை வந்தது. சிறிய ஒழுக்குக்கு பி0442, அரை மில்லிமீற்றர் அளவு ஓட்டைக்கு பி0456 என்று ஸ்கேனரில் கோட் வரும். ஜப்பான் சந்தைக்கென்றே செய்த பழைய கார்கள் பலவற்றில் இந்தச் சோதனை இல்லை. அதனால் விளக்கு எரியாதது ஒழுக்கு இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

மெக்கானிக் காக்கா லேசானதிலிருந்து தொடங்கினார். மூடியின் றப்பரில் வெடிப்பில்லை. பர்ஜ் வால்வைக் கழற்றி, கைப்பம்பால் காற்று விட்டுப் பார்த்தார். மின்சாரம் போகாத நேரம் அது மூடியிருக்க வேண்டும், மூடித்தான் இருந்தது. பிறகு புகை மெசின். எண்ணெயைச் சூடாக்கி வரும் புகையை மிகக் குறைந்த அமுக்கத்தில் உள்ளே விட்டார்.

"கொம்பிரஷர் காத்த அடிச்சா கெனிஸ்டரே வெடிச்சிரும் தம்பி."

கொஞ்ச நேரத்தில், கெனிஸ்டருக்குப் போகும் ஹோஸின் வளைவில் நூல் மாதிரிப் புகை எழுந்தது. ஒரு சாண் ஹோஸ். அவ்வளவுதான்.

2022 வரிசைகளில் நின்றவர்கள் நாங்கள். கியூஆர் கோட்டில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று வந்த காலத்தில், போத்தலிலும் கேனிலும் பெற்றோலை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறோம். அந்த மணத்துக்கு மூக்குப் பழகிப்போனது. பழகக் கூடாத மணம் அது. அந்த ஆவியில் புற்றுநோயை உண்டாக்கும் பென்சீன் இருக்கிறது. ஒரு தீப்பொறியும் அதற்குப் போதும். மாமாவின் காரில் காலையில் ஏறுவது ஸ்கூல் பிள்ளைகள்.

உங்கள் வீட்டு வண்டி மணந்தால், "பழைய வண்டி அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். விளக்கும் சான்றிதழும் பார்க்காத இடத்தை மூக்குப் பார்த்துவிடும்.