டியூ ஒரு கணக்கு, டிஎஃப் ஒரு கணக்கு

சர்வரில் இடம் தீர்ந்துவிட்டது என்று அலாரம் வந்தால் நிர்வாகியின் விரல் முதலில் அடிப்பது டிஎஃப். எந்தப் பார்ட்டிஷன் நிரம்பியது என்று அது சொல்லிவிடும். நிரப்பிய ஃபோல்டர் எது என்பதை டியூவிடம்தான் கேட்க வேண்டும். 1971-இல் வந்த யூனிக்ஸின் முதல் பதிப்பிலேயே இரண்டும் உண்டு.

டியூவை வெறுமனே ஓட்டினால் உள்ளிருக்கும் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு வரி கொட்டும். பழகியவர்கள் எஸ், ஹெச் இரண்டையும் சேர்த்தே அடிப்பார்கள்: மொத்தம் மட்டும், அதுவும் எம்பி, ஜிபியில். ஆழத்தை ஒன்றோடு நிறுத்தி, விடையை சார்ட்டுக்கு அனுப்பினால் பெரும்புள்ளி கீழே வந்து நிற்கும். சார்ட்டுக்கும் ஹெச் கொடுக்க வேண்டும். எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் 900 எம்பி, 2 ஜிபியை முந்திவிடும். என்சிடியூ இன்னும் வசதிதான். ஆனால் வட்டு நிரம்பிய பிறகு அதை நிறுவ இடம் ஏது?

டியூ எண்ணுவது ஃபைலின் நீளத்தை அல்ல, வட்டில் அது பிடித்திருக்கும் பிளாக்குகளை. ஈஎக்ஸ்டி4-இல் பிளாக் வழக்கமாக 4096 பைட். ஒரே எழுத்துள்ள ஃபைலும் ஒரு முழு பிளாக்கைப் பிடிக்கும். அப்படி ஒரு லட்சம் ஃபைல் சேர்ந்தால் சரக்கு 100 கேபிதான், பிடிக்கும் இடமோ 400 எம்பி. தலைகீழாகவும் நடக்கும்: எல்எஸ் 100 ஜிபி என்று காட்டும் மெய்நிகர் வட்டு, நடுவில் ஓட்டைகள் உள்ள ஸ்பார்ஸ் ஃபைலாக இருந்தால், டியூவில் 8 ஜிபியாகச் சுருங்கும்.

தலைவலி வேறிடத்தில். டிஎஃப் 100 சதவீதம் என்கிறது. டியூ கூட்டிப் பார்த்தால் பாதிகூட இல்லை.

பெரும்பாலும் யாரோ ஒரு பெரிய லாக்கை ஆர்எம் போட்டிருப்பார்கள். பெயர் போய்விட்டது, அதனால் டியூவின் கண்ணில் படாது. எழுதிக்கொண்டிருந்த நிரல் ஃபைலை இன்னும் திறந்தே வைத்திருப்பதால் கர்னல் பிளாக்குகளை விடுவிக்காது. எல்எஸ்ஓஎஃப் கட்டளைக்குக் கூட்டல் குறி, பெரிய எல், 1 ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் பெயரிழந்தும் திறந்திருக்கும் ஃபைல்கள் வரிசையாக வரும். அந்த நிரலை மறுபடி தொடங்கினால் இடம் அந்தக் கணமே திரும்பும்.

ஓடும் லாக்கை அழிக்காதீர்கள். ட்ரங்கேட் போட்டு பூஜ்யமாக்குங்கள். பிறகும் எல்எஸ் பழைய நீளத்தையே காட்டினால் பதற வேண்டாம். அப்பெண்ட் முறையில் திறக்காத நிரல், விட்ட இடத்திலிருந்தே எழுதும். முன்பகுதி வெறும் ஓட்டை. அங்கே டியூ சொல்வதை நம்புங்கள்.