தாய்மொழியில் தொடங்கிய அறிவியல்

‘தமிழ்வழியில் பயின்ற எங்களுக்கு அறிவியல் கைவருமா?’ என்று முதலாண்டு மாணவர் சிலர் ஆண்டுதோறும் என்னிடம் வினவுவதுண்டு. அவர்களுக்கு நான் எடுத்துரைப்பது ஜகதீச சந்திர போஸின் வரலாற்றையே.

1858-இல் பிறந்த போஸின் தந்தையார் அரசு அலுவலர். ஆங்கிலப் பள்ளியே பெருமையென்று கருதப்பட்ட அந்நாளில், அவர் தம் மகனை வங்கமொழிப் பள்ளிக்கே அனுப்பினார். அங்கே போஸின் ஒருபுறம் தந்தையாரின் முஸ்லிம் பணியாளர் மகனும், மறுபுறம் மீனவர் மகனும் அமர்ந்திருந்தனர். பறவை, விலங்கு, நீர்வாழ் உயிர்கள் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே இயற்கையை ஆராயும் வேட்கையைத் தம்முள் விதைத்தன என்று போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். மின்காந்த அலைகள் உண்டென்பதை ஹெர்ட்ஸ் 1888-இல் மெய்ப்பித்திருந்தார். அவர் கையாண்ட அலைகள் நீண்டவை. ஆய்வுக்குப் பெரிய கருவிகள் வேண்டியிருந்தன. போஸோ ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளமுள்ள அலைகளை உண்டாக்கினார். அதனால் ஆய்வு முழுவதும் ஒரு மேசைமீது அடங்கிற்று. உள்ளூர்த் தகரக் கொல்லர் ஒருவரே அவருக்குக் கருவி செய்து தந்தார். இரயில்வே கால அட்டவணை நூலொன்றின் தாள்களுக்கிடையே வெள்ளீயத் தகடுகளைச் செருகி, அதனையும் ஓர் ஆய்வுக் கருவியாக்கினார் போஸ்! 1895-இல் கல்கத்தாவில், சுவரை ஊடுருவிச் சென்ற அலைகளால் மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார்.

1899-இல் பாதரசம் கொண்ட அலையுணர் கருவியொன்றை இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியறிவித்தார். மார்க்கோனி 1901-இல் அட்லாண்டிக் கடந்த குறிப்பொலியைக் கேட்கப் பயன்படுத்திய கருவி இதனோடு நெருங்கிய உறவுடையதென ஆய்வாளர் சிலர் கூறுவர். கலீனா என்னும் ஈயக்கனிமப் படிகத்தைக் கொண்டு அவர் அமைத்த உணர்கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதுவும் நண்பர்களின் வற்புறுத்தலால் பெற்றதே. அறிவைப் பொருளீட்டும் வழியாக்க அவர் விரும்பவில்லை.

வானொலியைக் கண்டவர் போஸ் ஒருவரே என முழங்குவது மிகை. அது பலர் கூடி எழுப்பிய மாளிகை. அதில் அவர் வைத்த கல் உறுதியானது. அதுவே நமக்குப் போதிய பெருமை.

உலகப் புகழ் எய்திய பின்னரும் அவர் தாய்மொழியை மறந்திலர். 1921-இல் ‘அவ்யக்த’ என்னும் கட்டுரை நூலை வங்கமொழியில் வெளியிட்டார். மாணவச் செல்வங்களே, ஆங்கிலத்தையும் நன்கு கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் வினா எழுப்பும் துணிவை உங்கள் தாய்மொழியிலேயே பெறுங்கள்.