வரையாட்டுக்குப் பேறுகாலம், பிள்ளைகளுக்குப் பரீட்சை

ஜனவரி 11

மதுரை அண்ணாநகரில் ஒரு வாடகை வீடு. அப்பா ஒரு தனியார் கம்பெனியில் கணக்கர், அம்மா பள்ளி ஆசிரியை. மூத்தவள் நான்காம் வகுப்பு, சின்னவன் ஒன்றாம் வகுப்பு, கூடவே அப்பத்தா. இந்த வருடமாவது எல்லோரும் சேர்ந்து ஒரு மலைக்குப் போக வேண்டும் என்ற பேச்சு வந்ததும், அம்மா பழைய ரஃப் நோட்டு ஒன்றை எடுத்துத் தேதி போட்டு எழுத ஆரம்பித்தாள்.

எந்த மலை என்பதை முடிவு செய்தது மூத்தவள். பாடப்புத்தகத்தில் தமிழ்நாட்டின் மாநிலச் சின்னங்கள் வருகின்றன. பனைமரத்தைப் பார்த்திருக்கிறாள். செங்காந்தளை ஊர்ப்பக்கத்து வேலியில் பார்த்திருக்கிறாள். மாநில விலங்கான வரையாட்டை எங்கே பார்ப்பது?

கேள்வி சின்னதுதான். பதிலில்தான் ஒரு வேடிக்கை. 2025-இல் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து எடுத்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303 வரையாடுகளும் கேரளத்தில் 1,365 வரையாடுகளும் இருந்தன. கேரளத்துக் கணக்கில் பெரும்பங்கு, மூணாறை ஒட்டிய இரவிகுளம் தேசியப் பூங்கா என்ற ஒரே இடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு மாநில விலங்கைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் மாநில எல்லையைத் தாண்டுவதே சுலபம்.

வால்பாறை போகலாமே என்றார் அப்பா. ஆழியாறிலிருந்து ஏறும் அந்தச் சாலையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுப் பக்கம் வரையாடுகள் நிற்பது எல்லோரும் அறிந்தது. ஆனால் அந்தச் சாலையில் மொத்தம் 40 வளைவுகள். மூணாறுக்குப் போகும் வழியிலுள்ள போடிமெட்டுக்கு 17. சின்னவனுக்கு அழகர்கோயில் போகிற வழியிலேயே குமட்டும். 17 ஜெயித்தது.

ஜனவரி 18

மார்ச் மாதத்தில் கணக்கர் எவருக்கும் லீவு கிடையாது. அதனால் பிப்ரவரிக் கடைசியில் மூன்று நாள் போய் வந்துவிடலாம் என்பது அப்பாவின் திட்டம். விடுதிக்கு முன்பணம் கட்டப் போனவரை அம்மாதான் நிறுத்தினாள். பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் இரவிகுளத்தில் வழக்கமாகச் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. வரையாடுகள் குட்டி போடும் காலம் அது.

வரையாடுகள் தென்மேற்குப் பருவமழை நாட்களில் இணை சேர்கின்றன. சினைக்காலம் சுமார் ஆறு மாதம். ஆகவே ஆண்டு பிறந்த கையோடு குட்டிகள் பிறக்கத் தொடங்கும். பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரே குட்டி. ஒற்றைக் குட்டியோடு பாறையோரம் நிற்கிற தாயின் பக்கத்தில் நாளெல்லாம் சனக்கூட்டம் செல்போனை நீட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கேரள வனத்துறை ஆண்டுதோறும் தேதியை அறிவித்து வாசலை மூடுகிறது. பொதுவாக ஏப்ரல் தொடக்கத்தில் திறக்கிறது.

இதில் பிள்ளைகளுக்கு ஒரு லாபமும் உண்டு. ஏப்ரலில் போனால் குட்டிகள் தாயின் பின்னால் துள்ளித் திரிகிற வயதில் இருக்கும். இதைக் கேட்ட பிறகு மூத்தவள் பிப்ரவரிப் பேச்சையே எடுக்கவில்லை. அப்பாதான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 25

தேதிக்கான சண்டை தொடர்கிறது. பள்ளிப் பரீட்சை முடிய ஏப்ரல் நடுப்பகுதி தாண்டும். விஷு, சித்திரை முதல் நாள், அதை ஒட்டிய சனி ஞாயிறு எல்லாம் மூணாறில் கார் நகராத நாட்கள். மே மாதம் முழுக்கவே அப்படித்தான். ஜூன் வந்தால் கூட்டம் குறையும், விடுதி வாடகையும் இறங்கும். மழைக்கால மூணாறின் அழகைப் பற்றி அப்பாவின் அலுவலக நண்பர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மா ஒரே சொல்லில் மறுத்தாள்: பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அப்பால் இருந்த பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், அதில் குழந்தைகளும் நிறையப் பேர். வரையாடு பார்க்கப் போகும் அதே ராஜமலைக்குப் பக்கத்தில் நடந்தது அது. பெருமழைக்காலத்தில் பிள்ளைகளோடு அந்த மலைச்சாலையில் போக வேண்டிய அவசியம் ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு இல்லை. அங்கே வாழ்கிறவர்களுக்கு வேறு வழி இல்லை, நமக்கு இருக்கிறது.

ஏப்ரல் கடைசி வாரம், செவ்வாய் முதல் வியாழன் வரை என்று முடிவானது.

பிப்ரவரி 8

வழி. மதுரையிலிருந்து தேனி, போடி, போடிமெட்டு, பூப்பாறை, தேவிகுளம் வழியாக மூணாறு சுமார் 155 கிலோமீட்டர். கொச்சியிலிருந்து தொண்டி வரை போகிற தேசிய நெடுஞ்சாலை 85-இன் ஒரு துண்டு இது. காகிதத்தில் நான்கரை மணி நேரம். பிள்ளைகளோடு போனால் ஆறு.

சின்னவன் ரயில் கேட்டான். மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதைக்காக 2010 முடிவில் மூடப்பட்டு, தேனி வரை 2022-இலும் போடி வரை 2023 ஜூனிலும்தான் மீண்டும் ரயிலைப் பார்த்தது. பன்னிரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்த பாதையில் ஒருமுறை போகத்தான் வேண்டும். ஆனால் போடியில் இறங்கி, பெட்டியும் அப்பத்தாவுமாக மலைப் பேருந்து ஏறுவதை நினைத்துப் பார்த்து, இந்த முறை வாடகைக் கார் என்று தீர்மானித்தார்கள். ரயில் தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டது. சின்னவன் அந்தத் தேதியையும் நோட்டில் எழுதச் சொன்னான்.

வாந்தி விஷயத்தை அம்மா குழந்தை மருத்துவரிடமே கேட்டாள். இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரைதான் இந்தத் தொல்லை அதிகம். காது உள்ளே உடல் அசைகிறது என்கிறது, கண்ணோ காருக்குள்ளேயே பார்த்துக்கொண்டு அசைவில்லை என்கிறது, மூளைக்குக் குழப்பம். அதனால் வளைவுகளில் செல்போன் கூடாது. தூரத்து மலையைப் பார்க்க வேண்டும். புறப்படும் முன் வயிறு முட்டவும் கூடாது, வெறும் வயிறும் கூடாது: இரண்டு இட்லி, எண்ணெய்ப் பண்டம் இல்லாமல். மாத்திரை வேண்டுமா என்பதை எடை பார்த்து அவர் எழுதிக் கொடுத்தார். போடியில் கால்மணி நேரம் இறங்கி நிற்பது என்பதும் திட்டத்தில் சேர்ந்தது.

பிப்ரவரி 22

ஒரு டிராவல்ஸ்காரர் வாட்ஸப்பில் அனுப்பிய 'பேக்கேஜ்' வந்து சேர்ந்தது. ஒரே நாளில் மாட்டுப்பட்டி அணை, எக்கோ பாயிண்ட், குண்டளை, டாப் ஸ்டேஷன், பூந்தோட்டம், தேயிலை மியூசியம், மாலையில் இரவிகுளம். அவர் மேல் தப்பில்லை, பெரியவர்கள் கேட்பதைத்தான் கொடுக்கிறார். ஆனால் ஆறு வயதுப் பிள்ளையை ஏழு முறை காரில் ஏற்றி இறக்குவது சுற்றுலா ஆகாது. இரவிகுளத்தைக் கடைசியில் வைத்தது அதைவிட மோசம்.

அங்கே நடைமுறை இப்படி. சொந்தக் காரில் உள்ளே போக முடியாது. அஞ்சாம் மைல் வாசலில் இறங்கி, வனத்துறையின் பேருந்தில் தேயிலைத் தோட்டத்தின் வழியே ராஜமலைக்குப் போக வேண்டும். பிறகு ஒரு கிலோமீட்டர் சொச்சம் நடை. பாதை போட்டிருக்கிறது, ஏற்றம் மெதுவானது. சின்னவன் நடப்பான், அப்பத்தாவும் நின்று நின்று நடப்பாள். டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடலாம். நேரம் போகப் போகப் பேருந்துக்கு வரிசை நீளும். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிட்டால் எதிரே நிற்கும் ஆனைமுடியே தெரியாது. ஆகவே காலை முதல் பேருந்து, அன்றைக்கு வேறு எதுவும் இல்லை. மத்தியானம் விடுதியில் தூக்கம்.

ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர், தமிழ்நாட்டின் தொட்டபெட்டாவைவிட 58 மீட்டர் அதிகம். இமயமலைக்குத் தெற்கே இதுதான் இந்தியாவின் உயர்ந்த சிகரம். சின்னவன் அதன் உச்சியில் கொடி நட முடிவு செய்திருந்தான். பயணிகள் ஏற அனுமதி இல்லை என்பதை அவனிடம் இப்போதே சொல்லிவிட்டார்கள். வாசலில் வைத்துச் சொல்லியிருந்தால் அழுகை அங்கே நடந்திருக்கும்.

மூத்தவளுக்கு வேறொரு கணக்கு. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். இரவிகுளத்தில் 2006, 2018. அடுத்தது 2030. 2018-இல் கேரளப் பெருவெள்ளம் வந்து, பூத்ததைப் பார்க்கப் போனவர்கள் குறைவு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் 2030 என்று எழுதி, பக்கத்தில் தன் வயதையும் எழுதி வைத்துக்கொண்டாள்.

மார்ச் 1

அப்பத்தாவின் அக்கா மூணாறுத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். அப்பத்தா சிறுமியாக ஒருமுறை போய் லயத்தில் தங்கியிருக்கிறாள். "வேடிக்கை பாக்கவா போனோம்? குளிருல பல்லு கிட்டிக்கிட்டு கிடந்தோம்" என்பதுதான் அவளுடைய மூணாறு. தென் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துப் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றும் அந்தத் தோட்டங்களில் இருக்கிறார்கள். மூணாறு கடைத்தெருவில் பாதிப் பேச்சு தமிழ்தான். போகிற இடத்தில் மொழி தெரியுமோ என்ற கவலை அப்பத்தாவுக்கு மட்டும் இல்லை.

காட்டின் கதையும் தோட்டத்தின் கதையோடு பின்னியது. வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் வேட்டைக்காக ஒதுக்கி வைத்த புல்மலைதான் இரவிகுளம். தாங்கள் சுடுவதற்காகவே மற்றவர்கள் சுடாமல் பார்த்துக்கொண்டார்கள். காவலுக்கு அந்த மலையின் பழங்குடிகளான முதுவர்களை வைத்தார்கள். 1971 சட்டத்தின் மூலம் கேரள அரசு கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்டது. 1975-இல் சரணாலயம், 1978-இல் தேசியப் பூங்கா. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். பயணிகளுக்குத் திறந்திருப்பது ராஜமலை என்ற சிறு ஓரம் மட்டும். அதனால்தான் மீதி மீதியாகவே இருக்கிறது.

மார்ச் 15

யானை. இந்த வழியில் அதைப் பற்றிப் பேசாமல் திட்டம் போட முடியாது. போடிமெட்டுக்கும் தேவிகுளத்துக்கும் நடுவே இருக்கிற சின்னக்கானல்தான் அரிக்கொம்பனின் ஊர். அங்கிருந்து பிடிக்கப்பட்டுப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அது, 2023 மே மாதம் கம்பம் தெருவுக்குள் நடந்து வந்ததைத் தேனிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மூணாறுத் தோட்டங்களில் திரிகிற இன்னொரு கொம்பனுக்கு ரஜினி படத்தின் பெயர், படையப்பா. பெயரைக் கேட்டதும் சின்னவன் வரையாட்டைக் கைவிட்டுவிட்டான்.

விளையாட்டுப் பெயர் வைத்தாலும் காட்டு யானை காட்டு யானைதான். இருட்டிய பிறகு சாலையில் இருக்கக் கூடாது என்று அப்பா ஓட்டுநரிடம் இப்போதே சொல்லிவைத்தார். மதுரையை விடியற்காலை ஐந்துக்கு விடுவது, மூணாறிலிருந்து திரும்பும் நாளும் காலையிலேயே கிளம்புவது. விடுதியைத் தோட்டத்துக்குள் ஒதுக்குப்புறமாகப் பார்க்காமல் ஊருக்குள் பார்த்ததும் இதற்காகத்தான். 'காட்டுக்குள் ஓர் இரவு' விளம்பரங்கள் பிள்ளை இல்லாதவர்களுக்கு.

ஏப்ரல் 5

பூங்கா திறந்துவிட்டது. இனி சாமான் கணக்கு. ஏப்ரலிலும் மூணாறு விடிகாலைக்கு ஸ்வெட்டர் வேண்டும். மதுரை வெயிலில் நின்று அதை எடுத்து வைக்க யாருக்கும் மனம் வராது, ஆகவே அம்மா முதல் ஆளாக எடுத்து வைத்தாள். கோடை மழைக்குக் குடை, மாற்று சாக்ஸ் இரண்டு ஜோடி. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில், பூங்காவுக்குள் ஞெகிழி ஆகாது. முறுக்கு, சிப்ஸ் பொட்டலம் எல்லாம் காரோடு நிற்கும். ராஜமலை வரையாடுகள் மனிதரைக் கண்டு ஓடுவதில்லை, பாதையோரத்திலேயே மேயும். உப்புக்கு நாக்கை நீட்டுகிற பிராணி. ஒரு சிப்ஸை நீட்டினால் வாங்கத்தான் வரும். அதனாலேயே நீட்டக் கூடாது என்று வீட்டில் இரண்டு நாள் பாடம் நடந்தது. தொடவும் கூடாது.

மழை பிடித்துக்கொண்டால்? நல்லதண்ணி எஸ்டேட் தேயிலை மியூசியம். திங்கட்கிழமை விடுமுறை, இவர்கள் போவது புதன், பிரச்சினை இல்லை. 1924 வெள்ளம் அடித்துப்போன குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலின் கதையைப் பிள்ளைகளுக்கு அங்கே சொல்லலாம். மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் வரை போன குட்டி ரயில் அது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போயின. மேகம் இல்லாத காலையாக இருந்தால் வியாழக்கிழமை டாப் ஸ்டேஷனே போகலாம், இல்லையென்றால் நேரே வீடு. இரண்டில் எதுவானாலும் சரி என்று அப்பா சொன்னது இந்த நோட்டிலேயே பெரிய முன்னேற்றம்.

ஏப்ரல் 19

டிக்கெட், விடுதி, ஓட்டுநர் மூன்றும் உறுதி. செலவைக் கூட்டிப் பார்த்தால் நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிகம். எதை வெட்டலாம் என்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பேசினார்கள். மாட்டுப்பட்டிப் படகுச் சவாரி போயிற்று. பூந்தோட்டம் போயிற்று. ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டுக்குப் பதில் புளியோதரை வந்தது. பிள்ளைகளோடு அந்தப் பக்கம் கிளம்புகிறவர்கள் பணம் இடித்தால் இதே வரிசையில் வெட்டலாம். காலை முதல் பேருந்தையும் மத்தியானத் தூக்கத்தையும் மட்டும் வெட்டாதீர்கள்.